தீக்குச்சி அளவில் ஒரு யூனிட் வண்டி

அட்டையில் வெட்டிய கதவு ஒன்றை மாமா என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை நிறுத்தினார். "ஆளு இவ்ளோ. கதவு சரியாக்கீதா பாரு மச்சான்" என்றார். சரியாகத்தான் இருந்தது. வெட்டிய ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக இருந்தது. கம்பெனியில் பவர் பிரஸ் மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போன பிறகு அவர் முதல்முதலாகக் கத்தரிக்கோல் பிடித்து வெட்டியது அது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். மீஞ்சூரில் வீடு, கும்மிடிப்பூண்டியில் வேலை. எனக்கும் அப்படியே, கம்பெனி மட்டும் வேறு. காயம் ஆறிய பிறகும் அவர் வெளியே போகவில்லை. பார்க்கிறவன் எல்லாம் கையைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்பார். இனி மெஷினில் நிற்க முடியாது. ஸ்டோரில் வேலை போட்டுத் தருகிறேன், மாசம் முடிவதற்குள் நேரில் வரச் சொல் என்று அவருடைய சூப்பர்வைசர் என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் சொன்னேன். அக்காவும் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வேலையை விட்டால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். நாள் முழுக்க வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தவர், நம்ம யூனிட் வண்டி பொம்மை எங்கேயாவது கிடைக்குமா என்று ஒரு நாள் கேட்டார். மின்சார ரயிலை நாங்கள் யூனிட் என்போம். சென்னையில் பாரிஸ் கார்னர் கடைகள் வரை போய்த் தேடினேன். புகை விடுகிற இன்ஜின் இருந்தது. மூக்கு நீண்ட வெளிநாட்டு வண்டி இருந்தது. நாங்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகிற வண்டியை யாரும் பொம்மையாகச் செய்யவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். அப்படியானால் கம்பெனியில் கழித்துப் போட்ட பேக்கிங் அட்டையைக் கொண்டு வா என்றார்.

அளக்க டேப்பு வேண்டாம் என்றுவிட்டார். ஒரு தீக்குச்சி ஒரு ஆள். அதுதான் அளவு. சீட்டு அரைக் குச்சிக்கும் கீழே. கதவின் நடுக்கம்பி ஒரு குச்சிக்கு மேலே. எங்கே சாய்ந்தால் கம்பி முதுகில் படும், எங்கே நின்றால் கவரைப்பேட்டை ஸ்டேஷன் போர்டு தெரியும் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்து வெட்டுவார். கைப்பிடி வளையங்களுக்கு ஒயர். மிச்சமிருந்த விரல்களுக்குள் ஒயர் நிற்காது. விழும். எடுப்பார், வளைப்பார், மறுபடி விழும். அக்கா கை கொடுத்தால் விடமாட்டார். போகப் போக விழுவது குறைந்தது. ஆஸ்பத்திரியில் பிசையச் சொல்லிக் கொடுத்த பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது.

வண்டியில் ஒரு பெட்டி உருவாகி நின்றது. கூரை போட உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். வண்டிக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனில் நடைமேம்பாலம் இருக்கிறது. யார் ஏறுகிறார்கள்? எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஓடுவோம். போனில் தேடினால் எல்லாப் படமும் பிளாட்பாரத்தில் நின்று எடுத்தது. வெறும் அட்டையை ஒட்டிவிடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். என் வழுக்கையைப் பார்த்தார். "உன் மண்டைல கறுப்பு பெயின்ட் அடிச்சா முடி ஆயிடுமா?" என்றார்.

சில நாள் பெட்டியைத் தொடவே இல்லை. மாசமும் முடியப் போனது. எனக்கு வார லீவு வந்த அன்று காலையில், பாலத்துக்குப் போகலாம் வா என்று அவரே கிளம்பினார். லுங்கிதான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். ஏறி நின்றோம். சென்னைப் பக்கமிருந்து வண்டி வந்து, எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு எங்களுக்குக் கீழேயே நின்றது. மாமா பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து குனிந்தார். வண்டிக் கூரையில் கரண்ட் கம்பியை உரசுகிற மடக்குக் கை, பக்கத்தில் பெட்டி பெட்டியாக என்னென்னவோ. ஒவ்வொன்றாக எனக்குக் கை நீட்டிக் காட்டினார். துண்டு எப்போதோ நழுவியிருந்தது.

கீழே கதவோரம் அவருடைய பெட்டி ஆட்கள். தினமும் ஒரே பெட்டியில் அவரோடு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டார். "இன்னா நைனா, பாலத்த வெலைக்கு வாங்கிட்டியா? கைய ஆட்னது போதும், எறங்கி வா. உன் எடம் அப்டியேகீது."

மாமா என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார். எக்ஸ்பிரஸ் போனது. யூனிட் நகர்ந்தபோது அவர் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கையால்.

லுங்கியோடு போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றிருக்கிறார். சாயங்காலம் வந்து அக்காவிடம், நாளையிலிருந்து சாப்பாடு கட்டு என்றார்.

இப்போது ஸ்டோரில்தான் இருக்கிறார். அட்டை யூனிட் டிவி பக்கத்தில் இருக்கிறது. கூரை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அக்கா எழுப்புவதில்லை.