பளிங்கு எடுத்த படங்கள்

வலிப்பை வென்றாள். ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடாமல், வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி வென்றாள். வகுப்பில் விழுந்துவிடுவாள் என்று பயந்து பள்ளிக்கூடம் அவளைத் திருப்பி அனுப்பிய பிறகு, பேருந்துகளின் நெற்றியைப் பார்த்துப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டாள். "இவளை நம்பி எவன் வேலை கொடுப்பான்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்த தாய்மாமன் வாயாலேயே "கெட்டிக்காரிதான்" என்று சொல்ல வைத்தாள். பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கத்துக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் போடவைத்தாள்; அதற்காக நகராட்சி அலுவலகத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தவள், தாழ்ப்பாள் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை வாங்கினாள். கூரைமேல் தனித் தண்ணீர்த் தொட்டி வாங்கினாள். கடைசியாக ஒரு பட்டப்பெயரும் வாங்கினாள். அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று கண்டக்டர்கள் கேலி செய்து, 'பளிங்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பளிங்கின் அண்ணனுக்கு நிலையத்தின் மேற்கு வாசலில் சாவிக்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு அரம், சாவி வெட்டும் இயந்திரம், தலைக்கு மேல் ஒரு குடை. எட்டாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் வெட்டிய சாவியின் பிசிறைத் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் இரண்டு பேருக்கும் பொது. அம்மா வயிற்றிலிருந்தே கொண்டுவந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். தங்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் கதையைத் தொடங்கிவிடுவார்.

நகராட்சி அந்த இணையச் செயலியைக் கொண்டுவந்தபோது அண்ணனுக்குத்தான் கலக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ன செய்வாள்? அவளோ நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். எல்லாம் படங்கள்தானே. தண்ணீர் வரவில்லையா, குழாய்ப் படத்தை அழுத்து. விளக்கு எரியவில்லையா, விளக்குப் படத்தை அழுத்து. முன்பெல்லாம் மோட்டார் நின்றால் புகாரை எழுதவைத்து ஆணியில் குத்திவிட்டு வாரக்கணக்கில் வாளி சுமக்க வேண்டும். இப்போது காலையில் அழுத்தினால் மதியத்துக்குள் ஆள் வந்து நிற்கிறான்.

பொதுமக்களுக்கும் அப்படித்தான். செல்பேசியில் பக்கத்தைத் திறந்தால் ஊரிலிருக்கும் கழிப்பறைகளில் எது திறந்திருக்கிறது, எது சுத்தமாக இருக்கிறது என்று பச்சையும் சிவப்புமாகத் தெரிந்துவிடும். வாடகைக் கார் ஓட்டும் பெண்மணி ஒருத்தி ஒருநாள் பளிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "முன்னாடி எல்லாம் வண்டி எடுத்தா வீடு திரும்பற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன்கா. இப்ப எங்க பச்சை இருக்குன்னு பாத்துக்கறேன், தைரியமா ஒரு பாட்டில் குடிக்கறேன்." இதை அண்ணனிடம் வந்து சொல்லும்போது பளிங்குக்கு வாயெல்லாம் பல். "ஒருத்தி தண்ணி குடிக்கறதுக்கு நான் காரணம், பாத்துக்கோ."

அந்தப் பச்சை எரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவை கழுவி முடித்ததும் தரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். பளிங்கு அப்படியில்லை. தரை காயும்வரை காத்திருப்பாள். வாளியையும் துடைப்பத்தையும் வெளியே வைப்பாள். கதவைச் சுவரோடு சுவராகச் சாய்ப்பாள். நிலைப்படி ஓரத்தில் குதிகாலைப் பொருத்தி, செல்பேசியை நெஞ்சோடு பிடித்து, மூச்சை அடக்கி எடுப்பாள். "கல்யாணப் பொண்ணைப் படம் எடுக்கறவன்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான்" என்று அண்ணன் சீண்டுவார். "கல்யாணப் பொண்ணு ஒரு நாள்தானே சுத்தமா இருப்பா" என்பாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு காலையில் செயலியின் முகம் மாறியிருந்தது. ஏதோ புதுப்பித்தார்களாம். பளிங்கு படத்தை அனுப்பினாள். பச்சைக்குப் பதில் சிவப்பு வந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி சிவப்பு. கையுறையைக் கழற்றாமலே மேற்கு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, இது ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு? என்ன எழுதியிருக்குன்னு படி."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இந்தப் படம் முன்பே அனுப்பப்பட்டது. பழைய படத்தை மீண்டும் அனுப்புவது முறைகேடு."

"நான் இப்பத்தானே எடுத்தேன்! தரையில இன்னும் ஈர வாசனைகூடப் போகல."

அண்ணன் அவள் செல்பேசியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நேற்றைய படம், முந்தாநாள் படம், போன மாதத்துப் படம். அதே ஓரம், அதே கோணம், அதே பளபளப்பு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அவருக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணமே விஷயம் புரிந்தது. வேலையை இத்தனை ஒழுங்காகச் செய்ததால்தான் இயந்திரம் அவளைத் திருடி என்கிறது.

பக்கத்தில் பத்திரிகை விற்பவர் எட்டிப் பார்த்தார். "அண்ணன் கடையில டூப்ளிகேட் சாவி, தங்கச்சி செல்லுல டூப்ளிகேட் படமா? குடும்பத் தொழில்னு சொல்லு!"

"உன் வாயைக் கொஞ்சம் மூடறியா?"

"சும்மா சொன்னேன்ப்பா. கோவத்தைப் பாரு."

மேற்பார்வையாளர் இரண்டு சக்கர வண்டியில் வந்தான். சின்ன வயதுக்காரன், நல்ல பையன், பளிங்கை அக்கா என்றுதான் கூப்பிடுவான். உள்ளே போய்த் தரையைப் பார்த்தான். குனிந்து விரலால் தடவியும் பார்த்தான்.

"சுத்தமாத்தான்கா இருக்கு."

"அப்ப அதுகிட்டச் சொல்லு."

"நான் பாத்தது செல்லாதுக்கா. அது பாக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணலாம். தினம் ஏதாவது ஒரு பொருளைத் தரையில வச்சு எடுங்க. படம் வேற மாதிரி ஆயிடும்."

"கழுவின தரையில சாமானைக் கொண்டாந்து வைக்கறதா? இது என்னடா கூத்து?"

அண்ணன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டா வெறுப்பாக அதை நடுவில் வைத்து எடுத்தாள். செயலி யோசித்தது. பிறகு சிவப்பு. அண்ணன் படித்தார்: "தரையில் பொருள் கிடக்கிறது. சுத்தம் இல்லை."

"உன் செருப்பு லட்சணம் அதுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது அதோடு சரி.

எதிர்ப்பக்கம் நின்று எடுத்தாள். 'இடம் பொருந்தவில்லை' என்றது. விளக்கை அணைத்துவிட்டு எடுத்தாள். 'தெளிவாக இல்லை' என்றது. காயாத தரையை எடுத்தாள். 'தண்ணீர் தேங்கியிருக்கிறது' என்றது. ஒவ்வொரு மறுப்புக்கும் கணக்கில் ஒரு கரும்புள்ளி ஏறிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் மாலை செயலி அவளை உள்ளேயே விடவில்லை. உங்கள் கணக்கு பூட்டப்பட்டது என்று ஒரே வரி. வார முடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"ஊர்ல எல்லாப் பூட்டையும் திறக்கறே. இதுக்கு ஒரு சாவி வெட்டிக் குடேன்" என்றார் பத்திரிகைக்காரர். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

பூட்டிய பிறகும் பளிங்கு வேலையை நிறுத்தவில்லை. கழுவினாள், துடைத்தாள், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். ஆனால் ஊர் முழுக்க இருக்கும் செல்பேசிகளில் அந்த இடம் சிவப்பாகக் கிடந்தது. உள்ளே தரை மின்னிக்கொண்டிருக்க, வாசல்வரை வந்தவர்கள்கூடத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வாடகைக் கார்ப் பெண்மணியின் வண்டி வேகத்தைக் குறைத்தது. பிறகு நிற்காமல் போயிற்று. பளிங்கு வாசலுக்கு வந்து, "திறந்துதான் இருக்கு! வாம்மா!" என்று கத்தினாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. காதில் விழவில்லை.

அண்ணன் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இனிமையான குரல் ஒன்று, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தினார். கடைசியில் இணையப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லி நன்றி கூறியது. அவர் பதிலுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று வெட்கப்பட்டார்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் வட்டார அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருந்தாள். பொறுமையாகக் கேட்டாள். படங்களை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு படத்தில் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழுவதையும், இன்னொன்றில் வலப்பக்கம் விழுவதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

"வேற வேற நாள் எடுத்ததுதான்கா. நான் நம்பறேன். ஆனா என் திரையில 'நம்பறேன்'னு ஒரு பட்டன் இல்லையே."

"வேற என்ன இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"ரெண்டு இருக்கு அண்ணா. 'தவறை ஒப்புக்கொள்கிறேன்', அப்புறம் 'பிறகு பார்க்கலாம்'. ஒப்புக்கிட்டா உடனே திறந்துடும். பிறகு பாக்கலாம்னு விட்டா நாளைக்கு வேற ஆளைப் போட்டுடும்."

"யாரு போடுவாங்க?" என்றாள் பளிங்கு.

"ஆள் யாரும் இல்லக்கா. அதுவே போட்டுடும்."

"மேல யாரையாவது பாத்துப் பேசினா?" என்றார் அண்ணன்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மேல இருக்கறவங்களும் இதே திரையைத்தான் பாக்கறாங்க அண்ணா. பாஸ்வேர்டு மட்டும்தான் வேற."

அந்தப் பெண் திருப்பிக் காட்டிய திரையில் ஒப்புதல் வாசகத்தை அண்ணன் வாசித்தார். 'பழைய படங்களை மீண்டும் அனுப்பியது என் தவறு. இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.' பளிங்கு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார்.

"கையெழுத்துப் போட வேண்டாம், பாப்பா. வா, போகலாம். என் கடையில உக்காரு. இருக்கறதைப் பகிர்ந்து சாப்பிடலாம்."

"உன் குடைக்குள்ள ஒரு ஆள்தான் உக்காரலாம்" என்றாள். "இதை விட்டா என்னை எவன் வேலைக்கு வைப்பான்? வலிப்புக்காரின்னு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அதோட, அந்த ரெண்டாவது கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினாத்தான் தாழ்ப்பாள் விழும். வர்றவளுக்கு அது எப்படித் தெரியும்?"

கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நான் செய்யலன்னு கீழ சின்னதா ஒரு வரி சேத்துக்கலாமா?"

"அதுக்கு இடம் விடலக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் பெருவிரலை நீட்டினாள். வேலையில் சேர்ந்தபோதும், சம்பளக் கணக்குத் திறந்தபோதும், எங்கேயும் அவளுக்குப் பெருவிரல்தான். திரையில் ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. 'கையொப்பம் செல்லாது' என்றது.

"விரலால எழுதணும்கா, பேரை."

"நான் போடறேன்" என்றார் அண்ணன்.

"கேமரா முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கு அண்ணா. அவங்க கையாலதான் போடணும்."

அண்ணன் வெறுங்கையோடு நின்றார். ஒரு தாளில் பெயரை எழுதிக் காட்டலாமா என்று பேனாவுக்குச் சட்டைப்பையைத் துழாவினார். அதற்குள் பளிங்கு சுட்டுவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டாள். மெதுவாக, நிலைப்படியில் குதிகாலைப் பொருத்துகிற அதே கவனத்தோடு எழுதினாள். நாலு எழுத்து. கடைசி எழுத்தின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தவறே இல்லை.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"தினமும் திறந்த உடனே மேல வணக்கம் சொல்லி என் பேரைக் காட்டுமே. ரெண்டு வருஷமாப் பாக்கறேன். பாத்தா வராதா?" சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போயிற்று.

திரை பச்சையானது. உங்கள் கணக்கு திறக்கப்பட்டது, நன்றி என்றது. பளிங்கு தான் எழுதிய பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கம்மா போகும்?"

"உங்க கோப்புல இருக்கும்கா. நீங்க ஒப்புக்கிட்டதுக்குச் சாட்சியா."

"அழிக்க மாட்டாங்களா?"

"அழிக்க வழி இல்லக்கா."

அண்ணன் அந்தப் பெண்ணிடம் கேட்டு, அந்தத் திரையைத் தன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஒப்புதல் வாசகத்தை விரலால் மறைத்துப் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி எடுக்கப் பார்த்தார். முடியவில்லை, இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. பெயருக்குக் கீழே செயலி தானாகவே தேதியைப் பதித்திருந்தது: வியாழக்கிழமை, 16 நவம்பர் 2023.