சித்தி காதில் விழுந்த சிரிப்பு

கல்யாணமான நாற்பதாம் நாள் சித்தப்பா சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். சென்னையில் வளர்ந்த சித்தி, நீடாமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு கைப்பேசியோடு மாட்டிக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நான்தான் அவளுக்குத் துணை. ஒன்பது வயதில் அந்தப் பதவி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தெருக்குழாயில் பெண்கள் யாராவது சிரித்தால் போதும், சித்தி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

"என்னைப் பத்திதானே சிரிக்கிறாங்க?"

முதல் நாள், "இல்ல சித்தி, ரேஷன் பாமாயிலைப் பத்திப் பேசுறாங்க" என்று உள்ளதைச் சொன்னேன். முகம் தெளிந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் சும்மா ஒரு பேச்சுக்கு, "ஆமா சித்தி" என்றேன். உடனே பக்கத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டாள். அப்புறம் நான் உண்மை பேசவே இல்லை. வாய் கூசாமல் புளுகினேன்.

சம்பா நடவு முடிகிற நாளில், அம்மா வற்புறுத்தியதால் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு டீ வாளியோடு வயலுக்கு வந்தாள். வரப்பில் அவளைப் பார்த்ததும் நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள். தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு எல்லாருமாகக் குலவை போட்டார்கள். புது மருமகள் முதன்முதலாக வயலுக்கு வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் வாழ்த்துவார்கள். சித்திக்கு அது தெரியாது. முகம் வெளுத்து என்னைப் பார்த்தாள்.

"என்னையா?"

"ஆமா சித்தி."

அன்றைக்கு அது உண்மைகூட. மேற்கொண்டு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சித்தி வாளியை வரப்பிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

"உங்க சித்தி ஏன் பாப்பா போயிட்டாங்க? அவங்களுக்காகத்தானே குலவை போட்டோம்?" என்று ஒரு அக்கா சேற்றுக் கையோடு கேட்டாள். நான் வரப்பிலிருந்த டீ வாளியைத் தூக்கப் போனேன்.

இனி இங்கே இருக்க மாட்டேன் என்ற சித்தியை அந்த வாரமே அப்பா சென்னைக்கு ரயிலேற்றிவிட்டார். அவள் திரும்பி வரவில்லை. சித்தப்பா அங்கிருந்தே அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். நான் நாலு நாள் அழுதேன், என் கதைகளைக் கேட்க ஆள் இல்லையே என்று.

பல வருஷம் கழித்து, வேலைக்காக ஒரு வெளியூர் விடுதியில் தனியாகத் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் நாலு பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. கேட்பதற்கு அறையில் யாருமில்லை. என் சித்தி தினமும் என்னிடம் கேட்டது ஊர்ச் செய்தியை இல்லை. "சீச்சீ, இல்ல சித்தி" என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்ல அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.