ரிவர்ஸ் இல்லாத காரும் மலர்க்கொடியின் உளுந்தும்

உங்களில் யாராவது காரால் உளுந்து அடித்திருக்கிறீர்களா?

நான் அடித்தேன். போன மாதக் கடைசியில், நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பட்டப்பகலில், என் சொந்தக் காரில்! இதை எழுதும்போதுகூடக் கை பரபரவென்கிறது.

முதலில் காரைப் பற்றி. எப்போதோ பஞ்சர் ஆனதைப் பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பினேன். அன்றிலிருந்து என்னை மோட்டார் நிபுணன் என்று நினைத்துக்கொண்டு வாசகர்கள் கார்டு போடுகிறார்கள். எந்த ஆயில் நல்லது, டயரில் காற்று எவ்வளவு, செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா... ஐயா, எனக்கு பானெட்டைத் திறக்கத் தெரியும். திறந்துவிட்டு, "ம்ம்..." என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என்னுடைய கார், பலர் ஓட்டி அலுத்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. நிறம்? ஒரு காலத்தில் வெள்ளை. சமீபத்தில் அதற்குப் புது வியாதி — ரிவர்ஸ் கியர் விழவில்லை. தஞ்சாவூரில் என் காருக்குக் குடும்ப டாக்டர் தஸ்தகீர் பாய். துபாய் ஒர்க் ஷாப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"சாமான் மெட்ராஸ்லேருந்து வரணும். அது வர்ற வரைக்கும் முன்னாடியே போய்க்கிட்டிருங்க" என்றார்.

முன்னாடியே போய்க்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடைத்தெருவில் இடம் காலியாக இருக்கும். நுழைந்தால் வெளியே வர முடியாது. கல்யாண மண்டபத்துக்குப் போனால், சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் நான் கிளம்ப வேண்டும். சந்துகளில் நுழையும் முன் மறுமுனை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு... கார் வைத்திருக்கிறேனா, ரயில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

இந்த நிலைமையில்தான் தியாகராஜன் போன் செய்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நிலபுலன்களோடு இருக்கிறான். புதுக் கார் வாங்கியிருக்கிறானாம். சாப்பிட வா, காரையும் பார்த்துவிட்டுப் போ என்றான். எனக்குப் புரியாதா? காரைப் பார்க்க வா, சாப்பாடும் போடுகிறேன் என்று அர்த்தம். கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது தஸ்தகீர் பாய் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். இது உளுந்து அறுவடை நேரம். ரோடு முழுக்கச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். மேலே ஏற்றாதீர்கள், ஆக்ஸிலில் கொடி சுற்றிக்கொள்ளும், சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொண்டாலும் பற்றிக்கொள்ளும். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் நிபுணன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை அறியாதவர் உண்டா? போட்டால் போட்டதுதான். எத்தனை பேர் ஆயுளில் எத்தனை பாதி நாள் அங்கே கரைந்திருக்கும்! அன்றைக்கு எனக்கு யோகம். நான் தண்டவாளத்தைத் தாண்டியதும் பின்னால் கேட் இறங்கியது. அரிசி மூட்டை ஏற்றும் கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய் வரத் தயாராக நின்றது. எனக்குப் பின்னால் வந்த பஸ் மாட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். அடாடா... அந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது!

பிரதான சாலையை விட்டு கிராமத்து ரோட்டில் திரும்பினேன். முந்தைய ஆட்சி போட்ட ரோடு, இந்த ஆட்சி திறந்துவைத்த மதகு. இரண்டுக்கும் தனித்தனியே கல்வெட்டு. இரண்டு கட்சிக்கும் தனித்தனியே கொடிக்கம்பம். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்.

அந்த அகலம் முழுக்க உளுந்துச் செடி. காய்ந்து, கறுத்து, ஜமக்காளம் விரித்ததுபோல நீளமாக.

பிரேக் போட்டேன். பக்கத்தில் நான்கைந்து பெண்கள். அவர்களில் ஒருத்தர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார். பெயர் மலர்க்கொடி என்று பிறகு தெரிந்தது. உளுந்து அவருடையது.

"சார், பின்னாடி பஸ் வருதுங்களா?"

"கேட் போட்டாச்சு. கூட்ஸ் நிக்குது. நான்தான் கடைசி" என்றேன், பரிசு வாங்கிய பையனைப்போல.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மேற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். வானம் மையாகக் கறுத்துக்கொண்டிருந்தது. கோடை மழை.

நம் பக்கத்தில் ரோட்டில் உளுந்து போடுவது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி இறங்கினால் நெற்று உடைந்து பயறு உதிரும். மதிய பஸ் ஒரு நடை, நெல் லாரி இரண்டு நடை — வேலை முடிந்தது. அன்று எதுவும் வராது. செடியோடு நனைந்தால் உளுந்து ஊறிப்போகும், முளைத்துப்போகும், வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார். மலர்க்கொடிக்கு அந்தப் பருவத்து உழைப்பு மொத்தமும் அந்த ஜமக்காளம்தான்.

ஊரில் சிமென்ட் களம் இருக்குமே என்று கேட்டேன். இருக்கிறதாம். பூட்டியிருக்கிறதாம். நிலத்துக்காரருக்கும் இவருக்கும் குத்தகைக் கேஸ். மாமனார் காலத்திலிருந்து சாகுபடி செய்கிறோம், பதிவு இருக்கிறது என்று இவர். குத்தகை முடிந்துவிட்டது, வெளியேறு என்று அவர். கேஸ் போட்ட கையோடு களத்துக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்.

யார் அந்த நிலத்துக்காரர் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். நானும்தான். வாயைத் திறப்பேனா?

"நிறுத்தாதீங்க சார். மேல ஏத்துங்க" என்றார் மலர்க்கொடி.

பாய் சொன்னதைச் சொன்னேன். ஆக்ஸில், சைலன்ஸர், நெருப்பு... மெல்லிசாகப் பரப்பிவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார்கள். சொல்லி முடிப்பதற்குள் கவைக் கம்பால் உதறிப் பரப்பியும் விட்டார்கள். எனக்கோ வேறு வழி கிடையாது. திரும்பிப் போக ரிவர்ஸ் இல்லையே!

முதல் கியர். மெல்ல ஏறினேன். சரசரவென்று ஆரம்பித்து, படபடவென்று அடியில் நெற்று வெடிக்க ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஊசிப் பட்டாசு கொளுத்தியதைப்போல ஒரு சத்தம். நல்லாயிருக்கே என்று தோன்றியது. மறுமுனைக்கு வந்துவிட்டேன். அப்படியே போயிருந்தால் சூடான சாதம். பின்னால் ஓடி வந்தார் மலர்க்கொடி.

"சார், அப்படியே பின்னாடி வந்து இன்னொரு தடவ..."

"பின்னாடி வராதும்மா. ரிவர்ஸ் இல்ல."

காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தார்.

"அப்ப வீட்டுல எப்படி நிறுத்துவீங்க?"

"தள்ளித்தான்."

"யாரு தள்ளுவா?"

"வீட்டுக்காரம்மாதான்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகினார்கள். "நியூட்ரல்ல போடுங்க சார்" என்றார் ஒருத்தர். முன்பக்கம் கையை வைத்து ஒரு தள்ளு. கார் பின்னோக்கி உருண்டது. என் மனைவி ஒருத்தியாகத் தள்ளுவதைவிட இது எவ்வளவோ வேகம்!

அப்புறம் என்ன? முன்னால் போகப் பெட்ரோல், பின்னால் வரப் பெண்கள். போனேன், வந்தேன், போனேன், வந்தேன். மேற்கே ஓர் இடி உறுமியது. "ஓரமா ஏத்துங்க... நடுவுலயே ஓட்டுறீங்களே" என்று அதட்டல் வேறு. நடுவில் கருகல் வாடை வந்தது. வண்டியை நிறுத்தினால் அடியில் கொடி உருண்டையாகச் சுற்றிப் புகைகிறது. மலர்க்கொடி படுத்து அரிவாளால் அறுத்து இழுத்துப் போட்டார். நான் பானெட்டைத் திறந்து, "ம்ம்..." என்றேன். ஆளுக்கொரு கடமை.

எனக்கு வெறியே வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். போய்ச் சேர்ந்ததைத் தவிர அதனால் என்ன நடந்திருக்கிறது? அன்றைக்குத்தான் என் கார் ஒரு வேலை செய்தது!

ஒருமுறை தள்ளிக்கொண்டு வந்து ஆரம்பத்தில் நிறுத்தியிருந்தபோது, எதிரே ஊர்ப்பக்கமிருந்து ஒரு கார் வந்தது. பளபளவென்று ரத்தச் சிவப்பு. செடியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவில்லை. நேரே மேலே ஏறி, முழு நீளமும் கடந்து, என் காரின் மூக்கோடு மூக்கு வந்து நின்றது.

தியாகராஜன். சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறான். புதுக் காரில். சீட்டில் பாலிதீன்கூட இன்னும் பிரிக்கவில்லை.

இறங்கினான். என்னைப் பார்த்தான். மலர்க்கொடியைப் பார்த்தான். காரைத் தள்ளிய கைகளைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு...

"நீ யார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தடா?" என்றான் என்னிடம்.

நான் விளக்க ஆரம்பித்தேன். கேட், கூட்ஸ், பாய், ஆக்ஸில்... எனக்கே நம்பும்படியாக இல்லை. வண்டியைப் பின்னால் எடு, நான் காரைத் திருப்ப வேண்டும் என்று கத்தினான். ரிவர்ஸ் இல்லை என்றேன். உடனே மலர்க்கொடி பக்கம் திரும்பினான். கவர்மென்ட் ரோடு என்ன உன் வீட்டு முற்றமா, வாரு எல்லாவற்றையும் என்றான். குத்தகைச் சட்டம் போட்ட கட்சியைத் திட்டினான். அதை எடுக்காத கட்சியையும் திட்டினான். கொடிக்கம்பங்கள் இரண்டும் பேசாமல் நின்றன.

மலர்க்கொடி தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"கேஸு நெலத்துக்குத்தானுங்கய்யா. உளுந்து என்ன பண்ணுச்சு?"

அந்த நேரம் பார்த்து முதல் தூறல் புதுக் காரின் கண்ணாடியில் விழுந்தது. தியாகராஜன் கதவைப் படாரென்று சாத்தி உள்ளே உட்கார்ந்தான். அவன் காரில் ரிவர்ஸ் அருமையாக விழுந்தது. எடுத்தான் பாருங்கள், கோபத்தில்... இடது ஓரம் போனான், வலது ஓரம் போனான், வாய்க்கால் கரையைத் தொட்டான், நடுவுக்கு வந்தான். நான் நேர்கோடாகப் போய்ப் போய் விட்டுவைத்த ஓரங்கள் எல்லாம் அவன் சக்கரத்தில் நொறுங்கின. பின்னாலேயே நான்.

"ஐயா, வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று கத்தினார் மலர்க்கொடி. அவன் காதில் விழுந்ததோ என்னவோ, வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் போனான்.

அவ்வளவுதான். பெண்கள் பாய்ந்தார்கள். செடியை உதறி ஓரம் தள்ளினார்கள். அடியில் கருமணி கருமணியாக உளுந்து! தூசியும் பதருமாகக் கூட்டிச் சாக்குகளில் அள்ளினோம். புடைப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் பின்சீட்டில் சாக்கு, டிக்கியில் சாக்கு, முன்சீட்டில் மடியில் சாக்கோடு மலர்க்கொடி. அவர் வீட்டு வாசலில் கடைசிச் சாக்கை இறக்கி உள்ளே வைத்ததும் சடசடவென்று கொட்டியது மழை. மலர்க்கொடி நிலைப்படியில் நின்று மழையைப் பார்த்தார். சாக்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

தெருமுனையில் சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"சாப்பிட வரியா, இல்ல அங்கேயே சாப்பிட்டுக்கிறியா?"

போனேன். நண்பன் இல்லையா? அவன் மனைவி பரிமாறினார். வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை, அப்பளம். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் மட்டும். ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, இலையைப் பார்த்தபடி தியாகராஜன் கேட்டான்.

"நனையலல்ல?"

"நனையல" என்றேன்.

"ம்" என்றான். பிறகு அப்பளம் கேட்டான்.

கார் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ரோடு நமக்காகப் போட்டது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. உங்களுக்கு வராது, எனக்கு வரும். நான்கு சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரிவதில்லை. தெரியவேண்டும் என்றால் வண்டி ஏதாவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அதற்காகவே எல்லோரும் கொஞ்சம் மோசமான கார் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மெயின்டனன்ஸ் பற்றிக் கார்டு போட்டவர்களுக்கெல்லாம் இதுவே பதில்!

என் கார் நன்றாகத்தான் இருக்கிறது. அடிபட்டது புதுக் கார்தான். ஆக்ஸிலில் கொடி சுற்றி, ஏதோ சீல் கிழிந்து, இப்போது தஸ்தகீர் பாய் ஷெட்டில் படுத்திருக்கிறது. அதனால் போன வாரம் வாய்தாவுக்கு தியாகராஜன் பஸ்ஸில்தான் போயிருக்கிறான். அதே பஸ்ஸில் மலர்க்கொடியும். அவருக்கும் அதே கோர்ட், அதே வாய்தா அல்லவா? கேஸ் தள்ளிப்போய்விட்டது என்று போனில் சொன்னான். திரும்பும்போது கூட்டம் தாங்க முடியவில்லை, ஆனாலும் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது என்றான்.

துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தது யார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.