புத்தகத்தில் இல்லாத பன்னிரண்டு அத்தியாயங்கள்

பதிப்பக மாடியில் அவளுக்குப் பெயர் சிவப்பு மை அக்கா. இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். மூலப் பிரதியை இடது பக்கமும் அச்சான தாளை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. எழுதினவர் எவ்வளவு உளறிக் கொட்டியிருந்தாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாமே தவிர, ஒரு சொல்லை மாற்றக் கூடாது. இந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை அவளே சொல்வாள், கேட்காதவர்களைக் கூப்பிட்டும் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு புத்தகத்தில் கை வைத்தாள். ஒரு சொல், இரண்டு சொல் இல்லை. முழுசாகப் பன்னிரண்டு அத்தியாயம்.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் கணவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். பழுது பார்க்கப் போன ஓர் இடத்தில் சுவிட்ச் போர்டு முகத்துக்கு நேரே வெடித்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு நாற்பது நாள் படுக்க வைத்துவிட்டார்கள். வாய் ஓயாத மனிதர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் பேச்சையே விட்டுவிட்டார். முதல் வாரம் முழுக்க அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கண்ணு போச்சுன்னா நான் இருந்து என்ன பண்ணப் போறேன்?"

மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜாதியா அவள்? பதிப்பகத்தில் மறுபதிப்புக்காக வந்திருந்த பழைய நாவல் ஒன்றைத் தூக்கிவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எண்பது வருடத்துக்கு முன்பு எழுதியது. நடுக்கடலில் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கிற ஒருவன், அவன் மனைவி. மூன்றாம் நாள் கணவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஐந்தாம் நாள், காவலன் விளக்குக் கண்ணாடியைத் துடைக்கிற முறை தப்பு என்று சண்டைக்கே வந்துவிட்டார். அப்பாடா, இனிப் பிழைத்துக்கொள்வார் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாற்பத்தோராவது அத்தியாயத்தில் காவலனுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். அவனுக்குக் கண் சுத்தமாகப் போய்விடுகிறது. திரும்பி வரவேயில்லை. அடப்பாவி மனுஷா, உனக்கு வேறு வியாதியா கிடைக்கவில்லை என்று செத்துப்போன எழுத்தாளரை மனசுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு, கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். புயலடித்தது. கப்பல் பாறையில் மோதியது. கப்பலிலிருந்து ஒரு கண் வைத்தியர் கரையேறினார். காவலனுக்குப் பார்வை வந்தது. அது போதாதென்று, அவன் தங்கைக்கும் வைத்தியருக்கும் கல்யாணத்தையும் பண்ணி வைத்துவிட்டாள். கணவருக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று நேரம் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிச் சத்தம் காட்டினாள்.

கட்டை அவிழ்த்தபோது வலது கண் ஓரளவு தேறியிருந்தது. இடது கண் போய்விட்டது. வேலைக்குக் குறையில்லை. அச்செழுத்துதான் அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் அந்தப் புத்தகத்தை அவர் திறக்கவேயில்லை. ஆனால் மோட்டாரைக் கொண்டுவருகிற ஒருத்தரையும் விடாமல் அந்தக் கதையைச் சொன்னார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டதில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது அந்த நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள். தெருமுனை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படத்தையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிற கூட்டம். கணவர் அவளைக் கேட்காமலே முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு இருவரும் போனார்கள். படத்தில் காவலன் கண் போய்க் கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதான், அதோடு படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். தியேட்டர் வாசலிலேயே கணவர் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தவன் புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறேன் என்றார்.

நூலகர் அம்மாள் அந்த நாவலை நாலு தடவை படித்தவர். இவர் போய் எல்லார் முன்னாலும் கண் வைத்தியர் கதையைச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும். தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள், விருந்தாளி வருகிறார்கள் என்று புளுகிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. ஞாயிறு காலையில், அவர் கடையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே போய் நின்றாள்.

"என்னங்க, அந்தப் படக்காரன் ஒழுங்காத்தான் படிச்சிருக்கான். நான்தான் ஒழுங்காப் படிக்கல."

ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கை நின்றது.

"கட்டு அவுத்த அன்னைக்கு டாக்டர் ரிப்போர்ட்டையும் நீதான படிச்சுக் காட்டுன?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருடமாகக் கடிதம், பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாம் அவருக்கு அவள் வாய் வழியாகத்தான் போயிருக்கின்றன. சத்தியம் பண்ணவில்லை. பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து, அவருடைய பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நாலு வரிக்கு அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். ஊரார் எழுத்தையெல்லாம் சரிபார்த்தவள், தன்னை ஒருத்தர் சரிபார்க்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கண்ணில் பார்வை திரும்ப வாய்ப்பில்லை என்று அதில் இருந்தது. அவள் அன்றைக்குப் படித்ததும் அதேதான்.

"சரியாத்தான் படிச்சிருக்க," என்றார். கொஞ்சம் கழித்து, "புத்தகத்த எடு. இப்ப உள்ளத உள்ளபடி படி."

சாயங்காலம் நாலு மணி வரை படித்தாள். புத்தகத்தின் முடிவில் கண் போன காவலன் தினமும் படியேறிப் போய், விளக்கின் பக்கத்தில் முகத்தை வைத்து, அந்தச் சூட்டை வைத்தே சுடர் சரியாக எரிகிறதா என்று சொல்கிறான். மனைவி திரியைத் திருத்துகிறாள். அந்த இடத்தைக் கணவர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அவரும் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துத்தான் நோயைச் சொல்கிறவர். நடுவில், அதெப்படிப் புயலடிக்கிற நேரம் பார்த்துக் கண் டாக்டர் கப்பலில் வருவான் என்று நக்கலடித்தார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவசரத்துக்கு வேறு யார் வருவார்கள், நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்கள் என்று மல்லுக்கு நின்றாள்.

கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இவர் எழுந்து, எனக்குத் தெரிந்து இந்தக் கதை மூன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். கடலையும் புயலையும் படம் காட்டியது போலப் புத்தகம் காட்டவில்லை என்றார். ஆனால் கண் போனவன் காலம் பூராவும் மணலில் உட்கார்ந்து அழுவான் என்று படக்காரனுக்கு யார் சொன்னது, அந்த விளக்குச் சூட்டை விட்டுவிட்டு என்னத்தைப் படம் எடுத்தான் என்று பிடிபிடியென்று பிடித்தார். மூன்றாவது கதை என் வீட்டுக்காரி சொன்னது என்று கப்பலையும் வைத்தியரையும் கல்யாணத்தையும் எடுத்துவிட்டதும் அரங்கம் குலுங்கியது. கடைசி வரிசையில் அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மூன்றில் எந்த முடிவை வைத்துக்கொள்வீர்கள் என்று நூலகர் அம்மாள் சிரிப்புக்கு நடுவே கேட்டார்.

"புத்தகத்துல இருக்கறதுதான் ஒசத்தி," என்றார் அவர். "ஆனா அத இவ அன்னைக்கே படிச்சிருந்தா, இன்னைக்கு இங்க நின்னு பேச நான் இருந்திருக்க மாட்டேன். கண்ணு போச்சுன்னா போய்ச் சேந்துரணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் படுத்திருந்தேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். அவள் கைக்குட்டை கூட இல்லாமல், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அழுதாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, இவ்வளவு பெரிய விஷயத்தை ஒன்பது வருடமாக என்னிடம் சொல்லாமல் மறைத்தீர்களே என்று வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டு வந்தாள். அவர் வாசற்கதவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"நீ மட்டும் சொன்னியா?"