மணலுக்குள் தூங்கும் என் ரூம்மேட்

ரூமுக்கு வந்தால் அசைகிற ஏதாவது ஒன்று கண்ணில் படட்டும் என்று போன ஞாயிறு ஒரு ராஸ் வாங்கினேன். விரல் நீளக் கடல்மீன், பச்சை நிறம். அன்று சாயங்காலம் தொட்டி மணலுக்குள் புகுந்ததுதான், அப்புறம் ஆளைக் காணவில்லை.

செத்துவிட்டது என்று நினைத்து நேற்று ஸ்பூனால் மணலைக் கிளறினேன். துள்ளி எழுந்து இன்னொரு மூலையில் புதைந்துகொண்டது.

இன்று வேலை முடிந்ததும் மீன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"கிளறாதீங்க தம்பி, பாவமுங்க. பொழுது சாஞ்சா அது மணலுக்குள்ள தூங்கப் போயிருமுங்க."

"லைட்டப் போட்டு வச்சா முழிக்காதாண்ணே?"

"இல்லீங்க. அதுக்கு உள்ளுக்குள்ளயே நேரம் தெரியுமுங்க. பத்து மணிக்கு மேல பகல்ல பாருங்க, சுத்திச் சுத்தி வரும்."

எனக்குத் தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றால், திரும்பும்போது இருட்டிவிடும். போட்டுவிட்டுப் போகும் தீனி தண்ணீரில் கரைகிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"பகல்ல ஊட்டுல ஆரும் இல்லீங்களா?" என்றார்.

"மீன் இருக்குண்ணே" என்றேன்.

என் ரூம் இருக்கும் வேலம்பாளையத்தில் பகலில் சும்மா இருப்பவர்கள் யாராவது உண்டா? சாவி ஹவுஸ் ஓனர் அக்காவிடம் இருக்கிறது. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள்.