ராகு காலத்தில் ஏறிய சேலை

அறை முழுக்கக் கஞ்சி போட்ட பருத்திச் சேலை வாசம்... திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் ஒற்றை அறை. நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்து ஆரம்பித்த வெப் டிசைன் கம்பெனி அதுதான்.

முதல் ஆர்டர், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலை விற்கிற ஒரு சின்னாளபட்டிக் கடைக்காரருடையது. இது கைவிட்டுப் போனால் கம்பெனியைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

அந்த நிலைமையிலும் சண்டைக்குக் குறைவில்லை. சேலை விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. பக்கங்களை எப்படிக் காட்டுவது? டைனமிக் என்றேன் நான். விவரத்தை ஏற்றியதுமே சைட்டில் தெரியும், திறக்கத் திறக்கப் பக்கம் புதிதாக உருவாகும். ஸ்டாடிக் என்றாள் அவள். பக்கங்களை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டால் நம்ம ஊர் ஆமை இன்டர்நெட்டிலும் சட்டென்று திறக்குமாம். எனக்கென்னவோ அது பழைய சோறாகத் தெரிந்தது.

பூவா தலையா போட்டோம். நான் ஜெயித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூன்றரை மணி. கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுச் சேலை ஒன்றை ஏற்றி, அடுத்த நொடியே சைட்டில் வந்ததைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போச்சு.

"ஏன் தம்பி, ராகு காலத்துல எவனாச்சும் புதுச் சரக்கக் கடையில ஏத்துவானா? எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் கடையே வேணாம்ப்பா."

எழுந்தே விட்டார்.

ஸ்டெல்லாதான் பேசினாள். "செத்த நேரம் உக்காருங்கண்ணே. இப்ப உள்ள எழுதி மட்டும் வச்சுக்குவோம். நீங்க நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க, அப்ப எல்லாத்தையும் மொத்தமா ஏத்துவோம். உங்க கையாலயே பட்டன அமுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். பக்கங்களை மொத்தமாகச் செய்து ஏற்றும் ஸ்டாடிக் ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை காலை குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தார்கள். கீபோர்டுக்குச் சந்தனம், குங்குமம். அவர் பட்டனை அமுக்க, பக்கங்கள் ஒவ்வொன்றாக உருவாகி வந்தன. திடீரென்று அவர் சம்சாரம் திரையைத் தொட்டு, "ஏங்க, இது நான் முடிச்சுப் போட்ட சேலைல்ல" என்றார். எல்லோரும் கை தட்டினோம். தோற்றுப்போன நான்தான் பலமாகத் தட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம்!

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது பெரிய கம்பெனிகளே பக்கத்தை முன்கூட்டியே செய்து வைக்கும் வழிக்குத் திரும்பிவிட்டன. என் ஆபீஸிலும் அப்படித்தான். ராகு காலம், எமகண்டம் பார்க்காமல் பக்கங்கள் தன்னால் ஏறுகின்றன...

ஏறியதா என்று எட்டிப் பார்க்கக்கூட யாரும் சேரைவிட்டு எழுந்திருப்பதில்லை.