சீசனுக்கு மட்டும் வந்த ரேடிகல்

ஜெயசித்ரா சுரண்டைக்காரி. தென்காசியில் நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேஜை. அவள் ஆராய்ச்சியைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கி எனக்கே வாய் வலிக்கிறது. சைக்ளோஹெக்சேன் என்ற திரவத்தில் காமா கதிரைப் பாய்ச்சினால் ரேடிகல்கள் என்ற உடைந்த மூலக்கூறுத் துண்டுகள் பிறக்கும். கண் சிமிட்டும் நேரத்தை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் அவற்றின் ஆயுள். அதற்குள் பிடித்து நிறுத்த ஒரு மருந்தைக் கலக்க வேண்டும். பிடிபட்டது எது என்று கருவி கோடு போட்டுக் காட்டும். கருவி வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில். கண்ணாடிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

மூன்று வருஷமாக அந்தக் கோடுகளில் அடையாளம் தெரியாத ஒன்று தலைகாட்டியது. புது ரேடிகல் என்று நாற்பது பக்கத்துக்கு அத்தியாயமே எழுதிவிட்டாள். டாக்டர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனியன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வந்தது. ஈரப்பதம் என்றாள், வெப்பநிலை என்றாள். சீசனுக்கு வர அது என்ன டூரிஸ்டா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த ஜூலையில் ஒருநாள் சீக்கிரமே வந்தவள், ஆய்வக உதவியாளர் சுந்தரபாண்டி அண்ணாச்சி குழாய் கழுவுவதைப் பார்த்தாள். பட்டாளத்திலிருந்து வந்தவர், பொட்டு அழுக்கு விடமாட்டார். காய்ச்சி வடித்த நீரில் அலசி முடித்தவர், மூலையிலிருந்த கேனைத் திறந்து இன்னொரு தடவை அலசினார். அது என்ன என்று கேட்டாள்.

"மெயின் அருவித் தண்ணிம்மா. காலைல குளிக்கப் போகையில பிடிச்சிட்டு வருதேன். மூலிகைத் தண்ணில்லா, இத விட சுத்தம் எங்கன இருக்கு? அருவி வத்துன மாசத்துலதான் கெடைக்க மாட்டேங்கு."

ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தண்ணீர் படாத குழாய்களோடு மறுபடி போய்ச் சோதித்தாள். அந்தப் புதுக் கோடு வரவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர், ஆய்வேட்டை அப்படியே கொடுத்துவிடு, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அவள் கேட்கவில்லை. நாற்பது பக்கத்தையும் எடுத்துவிட்டு, தவறு எங்கே நடந்தது என்று அரைப் பக்கம் எழுதினாள். பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

அண்ணாச்சியைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். கவனமாகக் கேட்டுக்கொண்டார். ரொம்பவும் வருத்தப்பட்டார்.

"அருவித் தண்ணில ஒரு தடவ அலசுனது பத்தலியோம்மா?" என்றார்.